பழைய நகரில் குடியிருப்பு: சார்மினார் பகுதி காட்டும் பொருளாதாரம்

நகர வளர்ச்சி குறித்து நம் நாட்டில் வெளிவரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை நகரத்தின் விளிம்பைப் பற்றியவை. புதிய மனைப்பிரிவுகள், வெளிவட்டச் சாலைகள், தொழில்நுட்பப் பூங்காக்கள் ஆகியவற்றுக்கே பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. நகரின் நடுவிலுள்ள பழைய பகுதி இரண்டே இடங்களில் தலைகாட்டும். சுற்றுலா அத்தியாயத்தில் ஒருமுறை. நெரிசல், கழிவுநீர் பற்றிய அத்தியாயத்தில் மற்றொருமுறை. அப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருக்கின்றனர் என்பதும், அவர்கள் அங்கே தங்கியிருப்பதற்குத் தெளிவான பொருளாதாரக் காரணங்கள் உண்டு என்பதும் அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. இக்குறை எவ்வளவு பெரிய விலையைக் கேட்கும் என்பதற்கு ஐதராபாத்தே சான்று.

2025ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சார்மினாருக்கு வடக்கே குல்சார் ஹவுஸ் என்னும் நீரூற்றுச் சதுக்கத்தையொட்டிய ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. கீழே நகைக்கடைகள், மேலே அக்கடைகளை நடத்திய குடும்பத்தினரின் வீடு. விடுமுறைக்கு வந்திருந்த உறவினரும் அங்கே உறங்கிக்கொண்டிருந்தனர். 17 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 8 பேர் குழந்தைகள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகை. கட்டடத்துக்குள் நுழைவதற்கு ஒரு குறுகிய நடைவழியும், மேலே ஏற அதைவிடக் குறுகிய ஒரே மாடிப்படியும் மட்டுமே இருந்தன. மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று தீயணைப்புத் துறையினர் தொடக்கத்தில் தெரிவித்தனர்.

அக்குடும்பம் வறிய குடும்பம் அன்று. நகரின் எப்பகுதியிலும் வீடு வாங்கும் வசதி படைத்தது. அப்படியிருந்தும் அவர்கள் ஏன் கடைக்கு மேலேயே குடியிருந்தனர்? அந்த வீட்டுக்கு ஏன் ஒரே ஒரு படிக்கட்டு? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் வினாவுக்கான விடை நகர வரலாற்றில் உள்ளது. இரண்டாவதற்கான விடை நிலத்தின் வாடகைக் கோட்பாட்டில் உள்ளது.

நான்கு சாலைகளின் நகரம்

கோல்கொண்டாக் கோட்டையில் இட நெருக்கடியும் நீர்ப் பற்றாக்குறையும் மிகுந்ததால், முகம்மது குலி குதுப் ஷா 1591ஆம் ஆண்டில் மூசி ஆற்றின் தென்கரையில் புதிய நகரை நிறுவினார். ஆற்றைக் கடக்க 1578இலேயே கட்டப்பட்ட பாலம் இருந்தது. இன்றும் அது ‘பழைய பாலம்’ என்னும் பொருளில் புரானா புல் என்றே வழங்குகிறது. புதிய நகரின் நடுப்புள்ளியாகச் சார்மினார் எழுந்தது. அங்கிருந்து நான்கு திசைகளிலும் நான்கு சாலைகள் சென்றன. மதுரையை அறிந்த நம் வாசகர்கள் இவ்வமைப்பை எளிதில் புரிந்துகொள்வர். மதுரையில் கோயிலைச் சுற்றித் தெருக்கள் சதுரம் சதுரமாக விரிகின்றன. இங்கே சாலைகள் சிலுவைபோல வெட்டிக்கொண்டு, இடைப்பட்ட நான்கு பகுதிகளிலும் சந்துகள் கிளைக்கின்றன. பெருஞ்சாலையில் கடைகள், சந்துகளுக்குள் வீடுகள் என்னும் பிரிவு தொடக்கத்திலிருந்தே உண்டு. வடக்கே நான்கு பெரிய வளைவுகள். அவற்றின் நடுவே குல்சார் ஹவுஸ். தென்மேற்கே மெக்கா மசூதி. 1617இல் தொடங்கிய அதன் கட்டுமானம், கோல்கொண்டா 1687இல் முகலாயர் வசமான பிறகு, 1694இல்தான் நிறைவெய்தியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆசப் ஜாஹி ஆட்சியில் நகரைச் சுற்றி மதில் முழுமை பெற்றது. அம்மதிலின் வாயில்களுள் இன்று எஞ்சியிருப்பவை தபீர்புரா, புரானா புல் ஆகிய இரண்டே. மற்றவை ‘தர்வாசா’ என்ற சொல்லை ஏந்திய பேருந்து நிறுத்தங்களாக மட்டும் வாழ்கின்றன. மதிலுக்குள் பிரபுக்கள் ‘தேவ்டி’ எனப்படும் பெரிய மாளிகை வளாகங்களை அமைத்தனர். ஒரு தேவ்டி என்பது ஒரு வீடு மட்டுமன்று. உள்முற்றங்கள், ஏவலர் குடியிருப்பு, குதிரை லாயம், கிணறு, பணிமனைகள் அனைத்தும் சேர்ந்த சிற்றூர் அது. அதனைச் சார்ந்து தையற்காரர், சமையற்காரர், எழுத்தர், அத்தர் விற்பவர் என ஒரு கூட்டமே பிழைத்தது. கணக்கெழுதவும் ஆவணங்களைப் பேணவும் வட இந்தியாவிலிருந்து வந்த காயஸ்தர்கள், வட்டித் தொழிலும் நகை வணிகமும் நடத்திய மார்வாரிகளும் குஜராத்தியரும், தெலுங்கு பேசும் கைவினைஞர்கள், அரேபியாவிலிருந்து படைப்பணிக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் என்று பலரும் அருகருகே வாழ்ந்தனர். பழைய நகரை ஒரே சமயத்தார் ஊர் என்று எண்ணுவோர், அதன் லால் தர்வாசா போனாலு விழாவையும் தபீர்புராவிலிருந்து புறப்படும் முகரம் ஊர்வலத்தையும் ஒருசேரக் காணவேண்டும். ஹரிபௌலி அக்கன்னா மாதன்னா கோயிலின் கடமும் யானைமீது செல்கிறது; பீபி கா ஆலமும் யானைமீதே செல்கிறது. இரண்டுக்கும் முன்பாகத் தாழத் தொங்கும் மின்கம்பிகளையும் கேபிள் கம்பிகளையும் தூக்கிக் கட்டும் பணி நடைபெறும். ஆண்டுக்கு இருமுறையாவது கம்பிகள் கவனிக்கப்படுகின்றன என்று ஆறுதல் கொள்ளலாம்.

வெள்ளமும் அதன் பின்னும்

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்தது. இறந்தோர் ஏறத்தாழ 15,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ஆற்றங்கரையில் நின்ற ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினர். அம்மரம் இன்றும் உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. பேரழிவுக்குப் பின் 1909இல் எம். விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அவருடைய பரிந்துரையின்பேரில் எழுந்தவையே 1920இல் முடிவுற்ற உஸ்மான் சாகர், 1927இல் முடிவுற்ற ஹிமாயத் சாகர் அணைகள்.

இதனைத் தொடர்ந்து நகர மேம்பாட்டு வாரியம் தோன்றியது. பத்தர்கட்டியின் கல்வளைவுக் கடைவரிசை அவ்வாரியம் விட்டுச் சென்ற கொடை. மாணவர்கள் இக்கடைவரிசையைக் கூர்ந்து நோக்கவேண்டும். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே வெயிலும் மழையும் படாத நடைபாதை என்னும் முறை அங்கே ஒழுங்காகத் திட்டமிடப்பட்டது. கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருப்பதே தீங்கு என்போர்க்கு அது மறுமொழி. கலப்புப் பயன்பாடு தன்னளவில் ஆபத்தன்று. திட்டமிட்ட கலப்பு வேறு, திட்டமின்றி நேர்ந்த கலப்பு வேறு.

ஆயினும் வாரியத்தின் பெரும்பாலான செலவு நகரை வெளிநோக்கி விரித்தது. மல்லேபள்ளி போன்ற இடங்களில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஏழாம் நிஜாம் ஆற்றின் வடபுறத்திலுள்ள கிங் கோட்டியிலேயே வசித்தார். அரசு அலுவலகங்களும் வடக்கே உசேன் சாகர் ஏரிப் பக்கம் நகர்ந்தன. அதிகாரம் செல்லும் வழியில் வருமானமும் செல்லும் என்பது எந்த நகருக்கும் பொருந்தும் விதி.

மாளிகைகள் சந்துகளான விதம்

பழைய நகரின் பொருளாதாரத்தை உண்மையில் மாற்றியமைத்தது 1948, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளே. 1948 செப்டம்பரில் ஐதராபாத் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1949 ஆகஸ்டில் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டது. உழவர்களைப் பொறுத்தவரை அது விடுதலை; அதன் நியாயத்தை எவரும் மறுக்கவியலாது. ஆனால் கிராமத்திலிருந்து வந்த வரி வருமானத்தைக் கொண்டே நகரத்து தேவ்டிகள் பேணப்பட்டுவந்தன. வருமானம் நின்றது, மாளிகை நின்றுகொண்டிருந்தது. கூரையின் சுண்ணாம்புத் தளத்தைப் பழுதுபார்க்கவும் ஏவலர்க்குக் கூலி தரவும் பணமில்லை. வாரிசுகள் பலர். எனவே பிரிவினை, பின்னர் விற்பனை. ஒரு முற்றம் பத்து மனைகளாயிற்று, லாயம் கிடங்காயிற்று, வாயில் மட்டும் தெருப் பெயராக நின்றது. தேவ்டியைச் சார்ந்திருந்த ஏவலரும் கைவினைஞரும் வாழ்வாதாரம் இழந்தனர்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1900இல் கட்டப்பட்ட சர்தார் மகால் சொத்துவரி நிலுவைக்காக 1965இல் மாநகராட்சியின் கைக்கு வந்தது. வரி கட்ட இயலாத அரண்மனை என்பதைவிடத் தெளிவான பொருளாதாரக் குறியீடு வேறில்லை. சாலார் ஜங்கின் திவான் தேவ்டியில் 1951 டிசம்பர் 16ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் 1968இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய தேவ்டியோ வணிக வளாகங்களுக்கு இடம் தந்து மறைந்தது. பொருள்கள் காப்பாற்றப்பட்டன, அவை இருந்த வீடு காப்பாற்றப்படவில்லை.

1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு வளைகுடா நாடுகளின் வேலைவாய்ப்பு புதிய வருமானத்தைக் கொணர்ந்தது. அப்பணத்தின் ஒரு பகுதி பழைய வீட்டின்மேல் இன்னொரு மாடியாக எழுந்தது. மற்றொரு பகுதி தெற்கே புதிய குடியிருப்புகளாகப் பரவியது. ஃபலக்நுமா பக்கத்திலுள்ள ஒரு குடியிருப்புக்குச் சவூதி நகரான அல் ஜுபைலின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. 2020 அக்டோபர் மழையில் நாட்கணக்காக நீரில் மூழ்கிய பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஏரிகளும் நீர்வழிகளும் இருந்த தாழ்நிலத்தில் பிற்காலத்தார் கட்டியதன் விளைவு இது.

இக்காலத்திலேயே வகுப்புக் கலவரங்களும் நிகழ்ந்தன. 1978இலும் 1990இன் இறுதியிலும் ஊரடங்கு நாட்கணக்கில் நீடித்தது. மாதச் சம்பளக்காரர்க்கு ஊரடங்கு என்பது வீட்டில் அடைபட்டிருத்தல். வளையல் செய்து மாலையில் கூலி பெறுபவர்க்கு அது பட்டினி. வசதியுள்ள பலர் ஆற்றைக் கடந்து வடக்கே குடியேறினர். எஞ்சியோர் வெளியேற இயலாதவர்களும், வெளியேற விரும்பாத வணிகர்களுமே.

வரவும் செலவும்

வெளியேற விரும்பாமைக்குக் காரணம் என்ன? ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கணக்கிட்டால் புலப்படும். கடைக்கு மேலே வீடு உள்ளவர்க்குப் போக்குவரத்துச் செலவில்லை. மதிய உணவு வீட்டிலிருந்து படியிறங்கி வருகிறது. கடைக்கு இரவுக் காவல் தனியே வேண்டா. நகை, முத்து வணிகத்தில் காவலும் நம்பிக்கையுமே மூலதனத்தில் பாதி. அண்டை வணிகரிடம் வாய்ச்சொல்லின்பேரில் சரக்கு வாங்கவும், தரகரை அரைமணி நேரத்தில் மும்முறை சந்திக்கவும் அருகிருப்பது இன்றியமையாதது. பொருளியலார் இதனைத் திரட்சியின் ஆதாயம் என்பர். மதுரை தெற்காவணி மூல வீதியிலோ சென்னைச் சௌகார்பேட்டையிலோ இதே கணக்கைக் காணலாம்.

எளிய குடும்பத்துக்கும் ஆதாயங்கள் உண்டு. வேலைக்கு நடந்தே செல்லலாம். மளிகைக்கடையில் பற்றுக் கணக்கு உண்டு. சார்மினாரின் அருகிலேயே நிஜாமியா யூனானி அரசு மருத்துவமனை உள்ளது. மாலையில் சமைக்க முடியாவிட்டால் தெருவில் நானும் குழம்பும் குறைந்த விலையில் கிடைக்கும். ஆண்கள் கடைக்குப் போன பிறகு பெண்கள் வீட்டிலேயே வளையலில் கல் பதித்தோ துணியில் ஜரிகை வேலை செய்தோ ஈட்டுவர். மூலப்பொருள் சந்து முனையிலிருந்து வரும். முடித்த பொருள் சந்து முனைக்கே போகும். நகரின் ஓரத்தில் ஒதுக்கப்படும் அடுக்குமாடி வீடு எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும் இந்த வருமானத்தைத் தாராது. மறுகுடியமர்த்தப்பட்டோர் திரும்பி வருவதைக் கண்டு வியக்கும் அலுவலர்கள் இதனைக் கருதவேண்டும்.

இனிச் செலவுப் பக்கம். 2011 கணக்கெடுப்பின்படி 217 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஐதராபாத் மாவட்டத்தில் 39,43,323 பேர் வாழ்ந்தனர். சதுர கிலோமீட்டருக்கு 18,000 பேருக்கு மேல். அடர்த்தி அளவுகோல் பரந்த சாலைகளையும் ஏரியையும் சேர்த்தே கூறுவது; சந்துக்குள் நிலைமை வேறு. குடிநீர் வரும் நேரத்தை ஒட்டியே வீட்டின் நாள் அமைகிறது. கீழ்த்தளத்தில் மின்விசைப் பம்பு வைத்திருப்பவர் முதலில் இழுத்துக்கொள்வார். மேல்தளத்தில் உள்ளவர் காத்திருப்பார். கடைகள் முற்பகலில் தாமதமாகத் திறந்து இரவு நெடுநேரம் நடப்பதால் பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் உறக்கமும் கடைத்தெருவின் கால அட்டவணைக்குக் கட்டுப்படும். ரமலான் மாதத்தில் இரவு முழுதும் சந்தை. சார்மினாரைச் சுற்றிய பாதை கல் பாவி வாகனங்கள் விலக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் எரிவாயு உருளை கொண்டுவருபவரும் நோயாளியை அழைத்துச் செல்பவரும் எவ்வழி வருவர் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கவேண்டும். பார்வையாளர்க்கு அது சதுக்கம். குடியிருப்போர்க்கு அது வாசல்.

படிக்கட்டின் வாடகை

இப்போது இரண்டாம் வினாவுக்கு வருவோம். பெருஞ்சாலை முகப்பில் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் கடை வாடகை உண்டு. நுழைவழிக்கும் மாடிப்படிக்கும் வாடகை இல்லை. சகோதரர்கள் சொத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொருவரும் முகப்பில் பங்கு கேட்பர். பொதுவழியில் பங்கு கேட்போர் இலர். ஒவ்வொரு பிரிவினையிலும் கடை சற்றே அகலமாகும், வழி சற்றே குறுகும். பின்கட்டு முற்றம் கிடங்காக மூடப்படும். அதனோடு இரண்டாவது வழியும் மூடப்படும். எவரும் தீய எண்ணத்துடன் செய்வதன்று. ஒவ்வொரு முடிவும் தனித்தனியே பகுத்தறிவுக்கு ஒத்ததே. கூட்டுப் பயன் தரும் பொருள் எவர் கணக்கிலும் இடம்பெறாவிடில் அது தேய்ந்து மறையும் என்னும் பாடப்புத்தக வாக்கியத்துக்கு ஒரு மாடிப்படியைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

மின்கம்பிகளின் கதையும் அஃதே. இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் இருந்த காலத்தில் இழுத்த கம்பியில் இன்று குளிர்சாதனப் பெட்டிகளும் கடையின் ஒளிவிளக்குகளும் சேர்கின்றன. கம்பியை மாற்றும் செலவை ஏற்கவேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர், பயனடைபவர் வாடகைதாரர். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைதாரரை வெளியேற்றத்திலிருந்து காத்தது. அது தேவையான பாதுகாப்பே. ஆனால் பழைய வாடகை ஓர் ஓடு மாற்றவும் போதாத நிலையில், சொந்தக்காரர் செய்யக்கூடியது ஒன்றே: கட்டடம் தானே விழும்வரை காத்திருத்தல். விழுந்த பின் மனைக்கு விலை உண்டு. வக்ஃபு உடைமைகளிலும், தீராத வாரிசு வழக்குகளிலும் சிக்கிய கட்டடங்களுக்கு இந்நோய் இன்னும் கடுமை. தெளிவான உரிமைப்பத்திரம் இல்லாத வீட்டின்மீது வங்கி கடன் தராது. கடன் இல்லாவிடில் பழுதுபார்ப்பு இல்லை.

சட்டத்திலும் ஒரு முரண்பாடு உண்டு. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சார்மினார் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதியுடன் மட்டுமே கட்டலாம். பழுதுபார்க்கவும் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். சின்னத்தின் நோக்கில் இது சரியே. ஆனால் அனுமதி பெறும் அலைச்சலுக்கு அஞ்சி, குடியிருப்போர் செய்யவேண்டிய பழுதுபார்ப்பைச் செய்யாமல் விடுகின்றனர். அல்லது இரவோடிரவாக அரைகுறையாகச் செய்கின்றனர். கம்பி மாற்றுவதற்கும் இரண்டாம் படிக்கட்டு அமைப்பதற்கும் எளிய, காலவரையறையுள்ள அனுமதி முறையை வகுப்பது சின்னத்துக்கு எவ்வகையிலும் ஊறு விளைவிக்காது என்பது என் கருத்து.

மாநில அளவில் 1981இலேயே பழைய நகருக்கெனக் குலி குதுப் ஷா நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. தனியொரு பகுதிக்குத் தனியொரு ஆணையம் என்பது அந்நாளில் துணிவான முயற்சி. 1995இல் மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் 13ஆம் விதி வந்தது. 2015இல் அது நீக்கப்பட்டு, 2017இல் தெலங்கானா மரபுச் சட்டம் இயற்றப்பட்டது. விதி எதுவாயினும் பட்டியலில் இடம்பெறுவது பெரும்பாலும் முகப்பு; உள்ளே குடியிருப்பவரின் பழுதுச் செலவில் யார் பங்கேற்பது என்பது பேசப்படுவதில்லை. 2017இல் உலக மரபு நகரமாக அறிவிக்கப்பட்ட அகமதாபாத்தில், பழைய ‘போல்’ குடியிருப்புகளில் மரபு வீட்டைக் காத்துவருபவர், தாம் பயன்படுத்தாத கட்டட உரிமையை நகரின் வேறிடத்தில் கட்டுவோர்க்கு விற்கலாம். அப்பணம் வீட்டைப் பேண உதவும். தெலங்கானாவிலும் மாற்றத்தக்க கட்டட உரிமை முறை உண்டு. ஆனால் அது பெரிதும் சாலை விரிவாக்கத்துக்கு நிலம் தருவோர்க்கே பயன்படுகிறது. அதே கருவியைப் படிக்கட்டுக்கு இடம் விடுவோர்க்கும் நீட்டித்தால், மேலே கூறிய வாடகைக் கணக்கே மாறிவிடும். முகப்பில் நான்கடி விட்டுக்கொடுப்பவர்க்கு அந்த நான்கடிக்கு விலை கிடைக்கும்.

அரக்கு வளையலும் வெள்ளித்தாளும்

கைத்தொழிலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சார்மினாருக்கு மேற்கே செல்லும் லாட் பஜாரின் அரக்கு வளையல்களுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கைக் கரியடுப்பில் இளக்கி, வண்ணம் சேர்த்து, நீட்டி வளைத்து, சூடு ஆறுமுன் கண்ணாடித் துண்டுகளையும் கற்களையும் பதிக்கவேண்டும். கடைவீதியின் பளபளப்புக்குப் பின்னே, சந்துக்குள் ஒரே அறையில் அடுப்பும் தொட்டிலும் அருகருகே இருக்கும் வீடுகளில் இவ்வேலை நடைபெறுகிறது. கூலி ஜோடிக் கணக்கில். குறியீட்டின் பயன் கடைக்காரரோடு நிற்குமா, அடுப்படி வரை செல்லுமா என்பது கூட்டுறவு அமைப்பைப் பொறுத்தது. இனிப்பின்மேல் ஒட்டும் வெள்ளித்தாளைத் தோலுறைக்குள் வைத்துச் சம்மட்டியால் தட்டும் ஓசை முன்பு இச்சந்துகளின் அடையாளம். இயந்திரத் தாளும், விலங்குப் பொருள் பயன்பாட்டைத் தடைசெய்த 2016ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதியும் அதனை ஏறக்குறைய முடித்துவைத்தன. சத்தா பஜாரின் அச்சகங்களில் உருது அழகெழுத்தரின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. திருமண அழைப்பிதழ் வணிகம் தொடர்கிறது. தொழில்கள் மறைவதும் மாறுவதும் இயல்பு. தொழில் மாறியவர் வீடு மாறாமலிருக்க முடிந்ததா என்பதே இங்கு ஆராயத்தக்கது. மாற்று வேலைகள் பல, 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட மேற்குப் பகுதியில், பல கிலோமீட்டர் தொலைவில் அமைந்தன.

மெட்ரோ வரும் வழி

அத்தொலைவைக் குறைக்கவேண்டியது மெட்ரோ இரயில். முதற்கட்டத் திட்டத்தில் ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து ஃபலக்நுமா வரை பாதை வகுக்கப்பட்டிருந்தது. 2020 பிப்ரவரி 7ஆம் நாள் அது மகாத்மா காந்தி பேருந்து நிலையம் வரை மட்டும் திறக்கப்பட்டது. பழைய நகருக்குரிய 5.5 கிலோமீட்டர் கட்டப்படவில்லை. மற்றப் பகுதிகளில் வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் பழைய நகரத்தார் ஆற்றங்கரையில் இறங்கி ஆட்டோ தேடினர். பின்னர் சந்திராயன்குட்டா வரை 7.5 கிலோமீட்டராக நீட்டிக்கப்பட்ட திட்டத்துக்கு 2024 மார்ச் 8ஆம் நாள் ஃபலக்நுமாவில் அடிக்கல் நாட்டப்பட்டது.

பாதை தாருல்ஷிஃபா, புரானி ஹவேலி, மீர் மோமின் தாயிரா, ஹரிபௌலி, ஷாலிபண்டா வழியே செல்கிறது. சாலையை விரிவாக்கச் சுமார் ஆயிரம் கட்டடங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ கையகப்படுத்தப்பட வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. சதுர கெஜத்துக்கு ரூ. 81,000 என இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் முதல் காசோலைகள் வழங்கப்பட்டன. சார்மினார், சாலார் ஜங் அருங்காட்சியகம் ஆகிய நிலையங்கள் அச்சின்னங்களிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தொலைவில் அமைகின்றன. சின்னங்களைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சின்னங்களுக்கு விடப்பட்ட தொலைவு வீடுகளுக்கு விடப்பட இயலவில்லை. புரானி ஹவேலி எதிரே, 1851இலிருந்து நடந்துவருவதாகக் கூறப்படும் முன்ஷி நான் கடையும் இத்தெருவில்தான் இருந்தது. அதனைத் தொடங்கியவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்பதால்தான் ‘முன்ஷி’ என்ற பெயர்.

முகப்பு வெட்டப்பட்ட வீட்டின் சொந்தக்காரர்க்குச் சதுர கெஜக் கணக்கில் பணம் உண்டு. அதே வீட்டின் மாடியில் முப்பது ஆண்டுகளாக வாடகைக்கிருக்கும் தையற்காரர்க்கு என்ன? 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதன் வரையறையை அலுவலர்களும் மாணவர்களும் முழுமையாகப் படிக்கவேண்டும். நிலத்துக்கு உரிமையாளராக இல்லாவிடினும், கையகப்படுத்துவதற்கு முன் மூன்றாண்டுகள் அந்நகர்ப்புற நிலத்தில் குடியிருந்த குடும்பமும், அங்குத் தொழில் செய்து அதனையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட கைவினைஞர் குடும்பமும் அதில் அடங்கும். சட்டம் தெளிவாகவே உள்ளது. அந்த மூன்றாண்டுகளை மெய்ப்பிக்கத்தான் தாள் வேண்டும். வாய்ச்சொல்லின்பேரில் வாடகைக்கு வந்து, ரசீதில்லாமல் வாடகை கொடுத்து வந்தவரிடம் மின்கட்டணச் சீட்டுகூடச் சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கும். குடும்ப அட்டை, குழந்தைகளின் பள்ளிப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைச் சான்றாக ஏற்று, கட்டடம் இடிக்கப்படுமுன் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்துவது மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. இடித்த பிறகு கணக்கெடுப்பதற்கு அங்கே கதவு இராது.